50 பேருக்கு மேல கேரக்டர்... ஒருத்தரையும் மறக்க விடாத கல்கி! தொடர்கதை, சீரியல்ல கூட்டத்தை சமாளிக்கிறது எப்படி? | முழு விளக்கம்

‘சோமன் சாம்பவன்னா யாரு? இவர் முன்னாடி எங்கேயோ வந்தாரே?’ பொன்னியின் செல்வனை செல்போனில் படிக்க ஆரம்பித்தவர்களில் பலர், முதல் பாகத்தின் நடுவிலேயே இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் சிலர் கூகுளில் தேடி, கதையின் முடிவையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு நொந்துபோகிறார்கள்.

ஆனால் 1950-களில் இதே கதையை வாரா வாரம் படித்தவர்களிடம் கூகுள் கிடையாது. கையில் இருந்தது அந்த வாரத்து ‘கல்கி’ இதழ் மட்டும்தான். போன வார இதழ் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். அப்படியும் மூன்றரை ஆண்டு காலம் வாசகர்கள் அந்தக் கதையை விடாமல் தொடர்ந்தார்கள். எப்படி?

இதே சிக்கல் இன்று மெகா சீரியலுக்கும் இருக்கிறது, வெப் சீரிஸுக்கும் இருக்கிறது, ஆப்பில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் இருக்கிறது. கேரக்டர் அதிகமானால் கதை ஏன் தடுமாறுகிறது, அதைச் சமாளிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம்.

(பொன்னியின் செல்வன் இன்னும் படிக்காதவர்களுக்கு: இந்தக் கட்டுரையில் கதையின் சில முக்கியத் திருப்பங்கள் வருகின்றன.)

பொன்னியின் செல்வன்: சில தகவல்கள்

• எழுதியவர்: கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி
• வெளியானது: ‘கல்கி’ வார இதழ், 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை
• ஓவியம்: மணியம்
• பாகங்கள் 5: புது வெள்ளம் (57 அத்தியாயம்), சுழற்காற்று (53), கொலை வாள் (46), மணிமகுடம் (46), தியாகச் சிகரம் (91)
• மொத்தம்: 293 அத்தியாயங்கள்
• பாத்திரங்கள்: பெயர் உள்ளவர்கள் மட்டும் 50-க்கும் மேல்

கூட்டம் சேர்ந்தா என்ன பிரச்சனை?

முழு நாவலை எழுதி முடித்து அச்சடிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தேவையில்லாத பாத்திரத்தை கடைசியில் அடித்துவிடலாம். தொடர்கதை எழுதுகிறவருக்கு அது கிடையாது. போன வாரம் அச்சில் வந்தவரை இந்த வாரம் ‘அவர் இல்லவே இல்லை’ என்று சொல்ல முடியாது.

அதோடு, வாரா வாரம் புதுசாக ஏதாவது நடக்க வேண்டும். புதுசாக நடக்க வைக்க எளிய வழி, புது ஆளை உள்ளே கொண்டுவருவது. இப்படி ஒவ்வொருவராக உள்ளே வந்து, கொஞ்ச நாளில் மூன்று சிக்கல் முளைக்கும்:

1. வாசகருக்கு ஆள் அடையாளம் குழம்பும்.
2. ஒருவர் கதையைச் சொல்லும்போது இன்னொருவர் வாரக்கணக்கில் காணாமல் போவார்.
3. முடிக்கும்போது எல்லோருக்கும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார்.

மூன்றுக்குமே கல்கி வழி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வழி 1: வாசகரை ஒரே குதிரையில் ஏத்துறது

கதை வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. அங்கே குதிரையில் வருகிறான் வந்தியத்தேவன். காஞ்சியில் இருக்கும் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளை, தஞ்சையில் சுந்தர சோழரிடமும் பழையாறையில் குந்தவையிடமும் சேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம், அவனுக்கும் சோழ நாட்டு அரசியல் சரியாகத் தெரியாது. யார் யாருக்கு வேண்டியவர், யார் யாருக்கு எதிரி என்று வாசகர் தெரிந்துகொள்ளும் அதே நேரத்தில்தான் அவனும் தெரிந்துகொள்கிறான். அவன் போகிற ஊர் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேரை மட்டும் சந்திக்கிறான். வீரநாராயணபுரத்தில் ஆழ்வார்க்கடியான். கடம்பூரில் நண்பன் கந்தமாறன். குடந்தை சோதிடர் வீட்டில் குந்தவையும் வானதியும். தஞ்சையில் சேந்தன் அமுதன். கோடிக்கரையில் பூங்குழலி.

ஐம்பது பேரையும் ஒரே மண்டபத்தில் நிறுத்தி அறிமுகப்படுத்தியிருந்தால் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது. வழிநெடுக அறிமுகம் என்பதால், ‘அந்த ஊரில் பார்த்தோமே, அவர்’ என்று ஊரோடு சேர்த்து ஆள் மனதில் பதிகிறார்.

கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசும் இடத்தில் மட்டும்தான் பலர் ஒரே நேரத்தில் வருகிறார்கள். அதையும் வந்தியத்தேவன் ஒளிந்திருந்துதான் பார்க்கிறான். அங்கே நமக்கு எல்லார் பெயரும் நினைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘இளவரசர்களுக்கு எதிராக ஒரு சதி நடக்கிறது, அதற்குத் தலைவர் பெரிய பழுவேட்டரையர்’ என்ற ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்.

வழி 2: ஆளுக்கு ஒரு அடையாளம்

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேஷம் கட்டியவர் மேடைக்கு வந்ததும் கட்டியங்காரன் ‘தாங்கள் யார்?’ என்று கேட்பான். அவர் பாடி, ஆடி, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். விடிய விடிய நடக்கும் கூத்தில் நடுவில் தூங்கி எழுந்தவருக்கும், கிரீடத்தையும் முகவண்ணத்தையும் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

தொடர்கதைக்கும் அதே தேவை உண்டு. நடுவில் இரண்டு வாரம் விட்டவருக்கும் ஆள் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் கண்ணில் படுகிற, காதில் விழுகிற ஒரு அடையாளம்:

• பெரிய பழுவேட்டரையர்: உடம்பில் 64 விழுப்புண்கள்
• ஆழ்வார்க்கடியான்: முன்குடுமி, நாமம், கைத்தடி, கூடவே வம்புச் சண்டை
• பூங்குழலி: படகு
• ரவிதாசன்: ஆந்தைக் குரல்
• நந்தினி: பனை இலச்சினை போட்ட பல்லக்கு, பிறகு மீன் சின்னம் பொறித்த வாள்

இதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. அடையாளம் பழகிவிட்டால் அதை வைத்தே வாசகரை ஏமாற்றலாம். பழுவூர் இளையராணியின் பல்லக்கு என்று எல்லோரும் நினைக்கும்போது, உள்ளே இருந்து மதுராந்தகன் இறங்குவது அப்படித்தான். பல்லக்கு முன்பே மனதில் பதிந்திருந்ததால்தான் அந்த இடம் வேலை செய்கிறது.

வழி 3: ஊர் வாரியாக பிரிக்கிறது (திருச்சிக்காரங்களுக்கு இது ஈஸி)

ஐம்பது பேரைத் தனித்தனியாக நினைவில் வைப்பது கஷ்டம். ஏழெட்டு வீடுகளை நினைவில் வைப்பது எளிது. கல்கி பாத்திரங்களை வீடு வீடாக, ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறார். இதில் பாதி ஊர் திருச்சியைச் சுற்றித்தான்.

கொடும்பாளூர்: வையம்பட்டியில் இருந்து மணப்பாறை வந்து கிழக்கே போனால், விராலிமலைக்குப் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி, அவர் வீட்டுப் பெண் வானதி இருவரும் இந்த ஊர்க்காரர்கள். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயிலில் மூன்று சன்னதிகளில் இரண்டு இன்றும் நிற்கின்றன.

அன்பில்: லால்குடிப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. முதல் மந்திரி அநிருத்த பிரம்மராயரின் ஊர். சுந்தர சோழர் காலத்து அன்பில் செப்பேடு இவருக்குக் கொடுத்த நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆழ்வார்க்கடியான் இவருடைய ஒற்றன்.

பழுவூர்: திருச்சியில் இருந்து அரியலூர் போகும் வழியில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், நந்தினி இந்த வீட்டுக் கணக்கு.

மற்றவர்களையும் இப்படியே அடுக்கலாம். கடம்பூர் என்றால் சம்புவரையர், கந்தமாறன், மணிமேகலை. கோடிக்கரை என்றால் பூங்குழலி, அவள் அண்ணன் முருகய்யன், அண்ணி ராக்கம்மாள். காட்டுக்குள் கூடுகிறவர்கள் என்றால் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள்: ரவிதாசன், சோமன் சாம்பவன், இடும்பன்காரி, தேவராளன்.

வீடுகளுக்கு நடுவே உறவு என்ற கயிறும் கட்டியிருக்கிறார். சேந்தன் அமுதனுக்கு பூங்குழலி மாமன் மகள். நந்தினி வளர்ந்தது ஆழ்வார்க்கடியான் வீட்டில். புது ஆள் யார் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு அவர் என்ன உறவு என்பது கூடவே வந்துவிடும். கல்யாண வீட்டில் புது முகத்தைப் பார்த்தால் ‘இவர் யாரு வீட்டுப் பிள்ளை?’ என்றுதானே முதலில் கேட்கிறோம்? அதே கணக்குதான்.

வழி 4: ஹீரோவையே லேட்டா கொண்டு வர்றது

தலைப்பில் இருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ அருள்மொழிவர்மன். ஆனால் முதல் பாகத்தின் 57 அத்தியாயங்களில் அவர் நேரில் வருவதே இல்லை. இரண்டாம் பாகத்தில், இலங்கையில்தான் பார்க்கிறோம்.

அதற்குள் அவரைப் பற்றி அக்கா பேசிவிட்டார், வானதி ஏங்கிவிட்டாள், எதிரிகள் பயந்துவிட்டார்கள். எனவே அவர் வரும்போது தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், முதல் பாகத்தின் இடம் முழுவதும் மற்ற பாத்திரங்களுக்குக் கிடைத்துவிட்டது. நாயகன் முதலிலேயே வந்திருந்தால் வாசகரின் கண் அவர் மேலேயே இருந்திருக்கும். மற்றவர்கள் மனதில் பதிந்திருக்க மாட்டார்கள்.

வழி 5: பிரிச்சவங்களை ஒரே இடத்துல சேர்க்கிறது

ஆள் ஆளுக்கு ஒரு திசையில் போய்க்கொண்டே இருந்தால் கதை முடியாது. நான்காம் பாகத்தில் கல்கி கதவைச் சாத்துகிறார். ஆதித்த கரிகாலன், நந்தினி, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், கந்தமாறன், மணிமேகலை என்று பெரிய கூட்டம் கடம்பூர் மாளிகைக்குள் வந்துசேர்கிறது.

ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்தில் புயலும் வெள்ளமும் வருகின்றன. அது வெறும் வர்ணனைக்காக வைத்தது இல்லை. கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து, பெரிய பழுவேட்டரையர் தனியாகக் கரை ஒதுங்குகிறார். படை பரிவாரத்தோடு அவர் போயிருந்தால் சதிகாரர்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. கூட்டத்தில் இருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கவும் கதையில் ஒரு காரணம் வேண்டும். காவிரி நாட்டில் வெள்ளத்தை விட நம்பும்படியான காரணம் எது?

முடிக்கத்தான் அதிக இடம் வேணும்!

மேலே கொடுத்த அத்தியாயக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். கதையைத் தொடங்கி வைத்த பாகத்துக்கு 57. முடித்து வைத்த பாகத்துக்கு 91. மொத்தக் கதையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கடைசி பாகம்தான். ஐம்பது பேரைத் திறந்துவிடுவது சுலபம், வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் நேரம் ஆகும் என்பதற்கு இதை விடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

அப்படியும் வாசகர்கள் திருப்தி அடையவில்லை. நந்தினி பிறகு என்ன ஆனாள், வந்தியத்தேவன்-குந்தவை கல்யாணம் என்ன ஆச்சு என்றெல்லாம் கேள்விகள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அவற்றுக்குப் பதில் சொன்னார். கற்பனைக் கதையில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்லிவிடலாம், சரித்திரக் கதையில் ஆட்களின் வாழ்க்கை கதைக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் அதன் சாரம்.

அந்த முடிவுரை எழுதிய அதே ஆண்டு, 1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். அப்போது பாதியில் நின்ற இன்னொரு கதையான ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

படத்துல என்ன பண்ணாங்க?

மணிரத்னம் இயக்கத்தில் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-லும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-லும் வந்தன. இரண்டும் சேர்த்து சுமார் ஐந்தரை மணி நேரம். 293 அத்தியாயத்தை அதற்குள் அடக்க, ஆட்களைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய வெட்டு விழுந்தது சேந்தன் அமுதன் மேல். நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தான், கடைசியில் உத்தம சோழனாக முடி சூடுகிறவனும் அவன்தான். படத்தில் அவனுக்குச் சில காட்சிகளே. அரியணை மதுராந்தகனுக்கே போகிறது. அதாவது, நாவலில் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்த கதையைப் படம் ஒருவருக்கே கொடுத்துவிட்டது. வரலாற்றில் மதுராந்தகனும் உத்தம சோழனும் ஒருவரே என்பதால் படம் சரித்திரத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் ‘பூக்காரப் பையன் ராஜா ஆகிறான்’ என்ற திருப்பம் போச்சு. ஒரு பாத்திரத்தை எடுத்தால் அவரோடு ஒரு கதையும் சேர்ந்து போகும்.

மெகா சீரியல் கணக்கே வேற

எழுத்தில் இல்லாத ஒரு சிக்கல் சீரியலில் உண்டு. கேரக்டர் ஒவ்வொன்றும் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர். அவருக்கு கால்ஷீட் உண்டு, சினிமா வாய்ப்பு உண்டு, கல்யாணம் உண்டு, உடல்நலம் உண்டு. துணை நடிகர்கள் பலருக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். ‘இந்த ட்ராக்கை ஒரு மாசம் நிறுத்தலாம்’ என்று முடிவெடுத்தால் கதையில் ஒரு கிளை நிற்கும், ஒரு வீட்டில் வருமானமும் நிற்கும். அதனால் யாரை எப்போது காட்டுவது என்பது கதைக் கணக்கு மட்டும் இல்லை.

சன் டிவியில் 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ இதற்கு நல்ல உதாரணம். அப்பா சிதம்பரத்துக்கு ஐந்து மகள்கள். ஒவ்வொரு மகளுக்கும் கல்யாணம் ஆகும்போது ஒரு புது வீடு, புது மாமியார், புது நாத்தனார். கூட்டம் பெரிதாகிக்கொண்டே போனாலும் குழப்பம் இல்லை. எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அந்தச் செய்தி அப்பாவிடம் வந்துதான் ஆக வேண்டும். ஊர் வாரியாகக் கல்கி பிரித்ததை, இயக்குநர் திருமுருகன் மகள் வாரியாகப் பிரித்தார்.

நடிகர் மாறினால்? ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற ஒரு வரி திரையில் வரும், கதை அடுத்த நொடியே தொடரும். மீம் போட்டு எத்தனை பேர் சிரித்தாலும், தமிழ் சீரியல் கண்டுபிடித்த மிக நேர்மையான வழி அதுதான்.

எல்லா நேரமும் அது போதாது. ‘எதிர்நீச்சல்’ சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் திடீரென்று காலமானார். அந்த வீட்டில் மற்ற எல்லோருடைய கதையும் அந்த ஒருவரின் குரலுக்கு எதிராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உடனே ஆள் மாற்றாமல், குணசேகரனைத் திரையில் காட்டாமலேயே கொஞ்ச நாள் கதையை நகர்த்தினார்கள். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒருவரையே தூணாக வைத்தால் என்ன ஆபத்து என்பதை அந்த வாரங்கள் காட்டின.

ஸ்ரீரங்கம் வழி: ஒருத்தருக்கு ஒரு கதை

கூட்டத்தை ஒரே கதையில் அடைத்தே ஆக வேண்டுமா? இல்லை என்று காட்டியவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா. ஆனந்த விகடனில் வந்த ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ வரிசையில் ஊரே கேரக்டர்தான். ஆனால் ஒரு கதைக்கு ஒருவர், இருவர் மட்டும் முன்னால் வருவார்கள். கதை சொல்கிற பையனும் அந்தத் தெருக்களும் மாறாமல் இருக்கும். நடுவில் ஒரு கதையை விட்டாலும் அடுத்தது புரியும்.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள் தவறாமல் இணையத்தில் எழுதிய ‘வெண்முரசு’, மகாபாரதத்தையே 26 நாவல்களாகப் பிரித்துக்கொண்டது. அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்காமல், ஒவ்வொரு நாவலுக்கும் தனி மையம் வைத்தது. ‘நீலம்’ ராதையோடு போகும், இன்னொன்று வேறு பக்கம் போகும்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு மூலமான நாவல்களை எழுதும் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் யார் பார்வையில் கதை போகிறதோ அவர் பெயரையே தலைப்பாக வைக்கிறார். அப்படியும் கூட்டம் பெருகி, நான்காவது புத்தகத்தை (2005) இரண்டாக உடைக்க வேண்டி வந்தது. பாதி ஆட்கள் ஐந்தாவது புத்தகத்துக்கு (2011) தள்ளிப்போனார்கள். ஆறாவதற்கு ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். கூட்டம் எழுத்தாளரையே கட்டிப்போடும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் இது.

நீங்க தொடர்கதை எழுதுறீங்களா? இதை கவனிங்க

• ஒரு நோட்டு போடுங்க. பெயர், வயது, ஊர், யாருக்கு என்ன உறவு, கடைசியாக எந்த அத்தியாயத்தில் வந்தார், அப்போது அவருக்கு என்ன தெரியும். கடைசிக் கேள்விதான் முக்கியம். தெரியாத ரகசியத்தை ஒருவர் பேசிவிட்டால் வாசகர் உடனே பிடித்துவிடுவார்.
• பெயர் ஒரே மாதிரி வேண்டாம். கவிதா, கவின், காவ்யா மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் குழப்பம் உறுதி.
• ஒரு எபிசோடுக்கு புது ஆள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.
• புதியவரை உள்ளே விடும் முன் ஒரு கேள்வி: இந்த வேலையை ஏற்கெனவே இருப்பவர் செய்ய முடியாதா? முடியும் என்றால் அவருக்கே கொடுங்கள்.
• நீண்ட நாள் காணாமல் போனவர் திரும்பும்போது பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பழைய அடையாளத்தையும் ஒரு வரி சேருங்கள்.
• கொன்று கணக்கு தீர்க்காதீர்கள். வெளியூர் வேலை, கோபித்துக்கொண்டு போவது, வெறும் மௌனம் என்று வழிகள் நிறைய. மரணம் கதையை மாற்றினால் மட்டும் வைக்கவும்.
• முடிவுக்கு இடம் விடுங்கள். 57-க்கு 91 கணக்கை மறக்க வேண்டாம்.

கேள்வி - பதில்

பொன்னியின் செல்வனில் யார் நிஜம், யார் கற்பனை?
சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், அருள்மொழி, குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தர், வந்தியத்தேவன் ஆகியோர் வரலாற்றில் இருந்தவர்கள். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மந்தாகினி, மணிமேகலை ஆகியோர் கல்கியின் கற்பனை. ரவிதாசனும் சோமனும் கற்பனை இல்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடி கல்வெட்டு இவர்கள் பெயரைச் சொல்கிறது.

எல்லா பெயரையும் நினைவு வெச்சுக்கிட்டுதான் படிக்கணுமா?
வேண்டாம். முதல் பாகத்தில் வந்தியத்தேவன் பின்னாலேயே போங்கள். ஒருவர் முக்கியம் என்றால் அவர் கட்டாயம் மறுபடி வருவார்.

இணையத்துல இலவசமா படிக்கலாமா?
படிக்கலாம். கல்கியின் எழுத்துகள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஐந்து பாகமும் இணையத்தில் கிடைக்கின்றன.

நடுவுல குழம்பினா என்ன செய்றது?
கேரக்டர் பெயரைத் தேடாதீர்கள். தேடல் முடிவின் முதல் வரியிலேயே அவர் கதி என்ன என்பது வந்துவிடும். ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதி, யார் எந்த ஊர் என்று நீங்களே நிரப்பிக்கொண்டு வாருங்கள். கடம்பூர் அத்தியாயங்கள் வரும்போது அந்தத் தாள் தேவைப்படாது.